சிவப்பு மையால் திருத்திய பட்டியல்

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு கேள்வி கேட்கிறேன். இந்தப் பட்டியலைத் தன் கையால் எழுதிய பிள்ளை இப்போது எங்கே இருக்கிறாள்?

வீட்டில். நல்லது. நீங்கள் உடன்குடியிலிருந்து பேருந்து ஏறி இங்கே வந்து உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியுமா?

பதில் சொல்ல அவசரமில்லை. சர்வர் படுத்துவிட்டது. திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பாருங்கள். கலந்தாய்வின் கடைசி நாளில் மதியவேளை எப்போதும் இப்படித்தான். தமிழ்நாடு முழுவதும் ஒரே கதவை முட்டும். கதவு மூடுவது மாலை ஐந்து மணிக்கு. இப்போது ஒன்றரைதான் ஆகிறது. அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

வெளியே பலகையில் கணினி மையம் என்று எழுதியிருந்தாலும், கலந்தாய்வுக் காலத்தில் நாசரேத்தில் இதற்கு 'வாத்தியார் இருக்கிற கடை' என்றுதான் பெயர். அந்த வாத்தியார் நான்தான். அருமைநாயகம். முப்பத்திரண்டு வருடம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் சபையில் பாடகர் குழுவை நடத்துகிறேன். எங்கள் போதகர் ஐயர் வெளியூர் போனால் பிரசங்கமும் என்னுடையது. ஆகையால் என் பேச்சு மேடைப் பேச்சாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகள் கேலி செய்வாள்: "யப்பா, நீங்க தக்காளி வாங்கப் போனாலும் ஆசீர்வாதம் சொல்லிட்டுத்தான் திரும்புவீங்க."

நீங்கள் கேட்டது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஏழாவதாக இருக்கும் கல்லூரியை முதலாவதாக ஏற்ற வேண்டும். முதலாவதாக இருக்கும் கோயம்புத்தூர்க் கல்லூரியைக் கீழே இறக்க வேண்டும். கடவுச்சொல் உங்களிடம் இருக்கிறது. ரகசிய எண் உங்கள் கைப்பேசிக்குத்தான் வரும். பிள்ளைக்குத் தெரியப்போவதில்லை. ஐந்து நிமிட வேலை. நானும் இதை ஒருமுறை செய்திருக்கிறேன், ஐயா. எனக்கு நான்கு நிமிடந்தான் ஆயிற்று.

இதோ, உங்கள் மகள் முதல் கல்லூரியின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறாளே: 'ஞாயிறு புல்லாங்குழல் வகுப்பு. விடுதியிலிருந்து நடந்தே போகலாம்.' இதைப் பார்த்துத்தானே உங்களுக்குச் சினம் வந்தது? படிக்கப் போகிறாளா, குழல் ஊதப் போகிறாளா என்று கேட்டீர்கள். இதே கேள்வியை, இதே கடையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து நானும் கேட்டேன். என் கேள்வியில் குழல் இருந்த இடத்தில் கித்தார் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கித்தார் எங்களிடம் வந்த கதையே வேடிக்கையானது. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை நடக்கும். விளைந்ததில் முதற்பலனைக் கொண்டுவந்து படைப்பார்கள்; பிறகு அதை ஏலம் போடுவார்கள். வாழைத்தார், தேங்காய், கோழி, ஆட்டுக்குட்டி என்று வரும். ஒரு வருடம் துபாயிலிருந்து வந்திருந்த ஒருவர் ஒரு கித்தாரைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். நீண்ட கழுத்து, தடித்த தந்திகள். எண்ணிப் பார்த்தால் நான்குதான் இருந்தன. ஆறில் இரண்டு அறுந்துபோயின என்று எல்லாரும் தீர்மானித்தோம். அறுந்த கித்தாரை யார் ஏலம் எடுப்பார்? கோழிக்குப் போட்டி, கித்தாருக்கு ஆளில்லை. கடைசியில் அது பாடகர் குழுவின் அறையில் பழைய ஜமுக்காளத்துக்கு மேலே போய்ப் படுத்துக்கொண்டது.

என் மகள் பியூலா அப்போது ஏழாம் வகுப்பு. அவள்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். "யப்பா, இதுல ஒண்ணும் அறுகலை. இது பேஸ் கித்தார். இதுக்கு நாலுதான்." அடித்தொனி வாசிக்கிற கருவியாம். பாட்டுக்கு அடியில் நின்று பாட்டைத் தாங்குமாம். கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து அவளாகவே கற்றுக்கொண்டாள். ஒரே வருடத்தில் எங்கள் பாடகர் குழுவுக்குத் தரை கிடைத்தது, ஐயா. அதற்குமுன் நாங்கள் பாடியதெல்லாம் காற்றில் நின்று பாடியது என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது.

அவள் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது அவள் அம்மா ரத்னபாய் கர்த்தரிடம் போய்விட்டாள். அது வேறு செய்தி. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் என்றாயிற்று. இதை எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. விடுங்கள்.

பதினோராம் வகுப்பில் வாலிபர் இசைப் போட்டி என்று சென்னைக்கு ஒரு வண்டி பிடித்துப் போனோம். எங்கள் குழுவுக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் ஊர் திரும்புவதற்குமுன் ஒரு சனிக்கிழமை மாலை, அங்கே உள்ள பிள்ளைகள் சிலர் பியூலாவையும் அவள் தோழி முப்பிடாதியையும் ஒரு ரொட்டிக் கடையின் மாடிக்கு அழைத்துப் போனார்கள். முப்பிடாதி எங்கள் சபைப் பிள்ளை அல்ல; பள்ளித் தோழி. நல்ல குரல். அவளுடைய அம்மாவிடம் நானே போய் உத்தரவு கேட்டு அழைத்து வந்திருந்தேன். துணைக்கு நானும் மாடி ஏறினேன். ஒரு அறை. சுவரெல்லாம் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள், சத்தம் வெளியே போகாமலிருக்க. அங்கே நாலைந்து குழுவினர் மணிக்கணக்கில் முறைவைத்துப் பயிற்சி செய்தார்கள். சொந்தமாகப் பாட்டு எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, தண்ணீர் லாரியைப் பற்றி ஒரு பாட்டு, விடுதிச் சாம்பாரைப் பற்றி ஒரு பாட்டு. ஒரு குழுவில் பேஸ் வாசிப்பவன் அன்று வரவில்லை. "யாருக்காவது வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்கள். என் மகள் கையைத் தூக்கினாள்.

அந்த அரைமணி நேரம் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பதினாறு வருடம் வளர்த்தேன். அந்த முகத்தை அதற்குமுன் கண்டதில்லை. ஒரு தகப்பன் அதைக் கண்டு மகிழ்ந்திருக்க வேண்டும். நான் வண்டிக்கு நேரமாயிற்று என்று அவளை அவசரப்படுத்தினேன்.

ஊர் வந்ததும் அவள் என்னிடம் ஒன்று சொன்னாள். மற்ற வாத்தியங்களைத் தனியாக வாசித்துப் பிழைத்துக்கொள்ளலாமாம். பேஸ் மட்டும் முடியாதாம். "நான் மட்டும் வாசிச்சா யார்ப்பா நின்னு கேப்பா? கூடப் பாட ஆளு வேணும், கூட அடிக்க ஆளு வேணும். அந்த ஆளுங்க எல்லாம் அந்த ஊர்லதான் இருக்காங்க." எவ்வளவு தெளிவான பேச்சு, பாருங்கள்.

படிப்பிலும் கெட்டிக்காரி. நல்ல கட்-ஆஃப் எடுத்தாள். கலந்தாய்வு வந்தது. அது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் பாவமே அந்த ஒழுங்குக்குள்தான் ஒளிந்திருக்கிறது. பிள்ளை விரும்புகிற கல்லூரிகளை ஒன்று, இரண்டு என்று வரிசையாக எழுதித் தருகிறது. கணினி மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வரும். மதிப்பெண் எட்டுகிற முதல் கல்லூரியைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதற்குக் கீழே உள்ளவற்றை அது ஏறெடுத்தும் பார்க்காது. ஆகவே பிள்ளையின் விருப்பம் என்பது கல்லூரிகளின் பெயரில் இல்லை, ஐயா. வரிசையில் இருக்கிறது. வரிசையை மாற்றினால் ஒரு பெயரையும் அழிக்காமலே பிள்ளையின் மனத்தை அழித்துவிடலாம்.

பியூலா பட்டியல் எழுதினாள். முதலாவது, தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி. ஓரத்தில் ஒரு குறிப்பு: 'மின்சார ரயிலில் நாலு நிறுத்தம். சனிக்கிழமை அறை.' அடுத்த ஏழும் சென்னைதான். ஒன்பதாவதாக, எனக்காக, திருநெல்வேலியில் ஒரு கல்லூரி. வீட்டிலிருந்தே போய் வரலாம்.

"பாட்டுக்காக ஊர் தேடுகிறாயா?" என்று கேட்டேன். அவள் தயங்கவே இல்லை. "படிப்பு எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்ப்பா. மீதி நேரம் எங்க இருக்கணும்னுதான் ஊரப் பாத்தேன்" என்றாள். நான் சரி என்று தலையாட்டினேன். மறுத்திருந்தால்கூட மன்னிக்கலாம், வீட்டில் சண்டை நடந்திருக்கும், பிள்ளை அழுதிருக்கும், ஒருவேளை வென்றிருக்கும். நான் தலையாட்டினேன்.

கடைசி நாள் மாலை கோயிலில் ஒரு திருமண ஆராதனை. வாசிக்கப் பியூலாவை நானே அனுப்பிவைத்தேன். அவள் போனதும் இந்தக் கடைக்கு வந்தேன். நாலு நாற்பது. அவளுடைய பட்டியல் தாளை இந்த மேசையில் விரித்து, குழப்பம் வரக்கூடாதே என்று, ஒன்பதை அடித்து ஒன்று என்று எழுதினேன். ஒன்றை அடித்து இரண்டு என்று எழுதினேன். என் சட்டைப் பையில் எப்போதும் இருப்பது சிவப்புப் பேனா. விடைத்தாள் திருத்துகிறவனின் பழக்கதோஷம். என் மகளின் விருப்பத்தை ஒரு மாணவியின் பிழையைப் போலத் திருத்தினேன், ஐயா. பிறகு கணினியிலும் அப்படியே மாற்றினேன். ரகசிய எண் என் கைப்பேசிக்கு வந்தது. பட்டியலை இனி மாற்ற முடியாதபடி பூட்டினேன். கோயில் வழியாக வீட்டுக்கு நடந்தபோது உள்ளே அவள் வாசிப்பது கேட்டது.

முடிவு வந்த அன்று நானே வந்து சேர்க்கை ஆணையை அச்செடுத்துப் போனேன். திருநெல்வேலி. "மார்க் எட்டலம்மா" என்றேன். அவள் அழவில்லை. "எவ்வளவுல போச்சுப்பா?" என்று மட்டும் கேட்டாள். கொஞ்சத்தில்தான் என்றேன். "கொஞ்சத்துலயா" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய்ப் பாத்திரம் விளக்கினாள். அந்த ஆணையைச் சரிபார்க்கவோ, தன் பட்டியலைத் திறந்து பார்க்கவோ அவளுக்குத் தோன்றவே இல்லை. தகப்பன் கொண்டுவந்த தாளை எந்தப் பிள்ளை சந்தேகப்படும்?

அதோடு நின்றிருந்தால் ஒரு பாவம். முப்பிடாதிக்கு அதே தாம்பரம் கல்லூரி கிடைத்துவிட்டது. பியூலாவைவிட அவளுக்கு ஒன்றரை மதிப்பெண் குறைவு. பியூலா என்னிடம் வந்து, அது எப்படி என்று கேட்டாள். அவளுக்கு இட ஒதுக்கீட்டுக் கணக்கு வேறு என்று சொல்லிவிட்டேன். என் தகப்பனார் பனை ஏறியவர், ஐயா. அந்த நீதி இல்லாவிட்டால் நான் கரும்பலகையைத் தொட்டிருக்க மாட்டேன். என் மகளுக்கும் அதில் பங்கு உண்டு. என் பொய்யைக் காப்பாற்ற, என்னை ஆளாக்கிய நீதியையே பழித்தேன். பியூலா அதை நம்பினாள். நம்பியதால் முப்பிடாதியிடம் பேசுவது குறைந்தது. ரயில் நிலையத்துக்கு வழியனுப்பப் போகவில்லை. ஒரு பொய் இரண்டு வீட்டுக்குள் நுழைந்து வேலை செய்தது, பாருங்கள்.

பொய் என்பது எப்படிப்பட்டது தெரியுமா? அது காற்றுக்கு நகர்கிற எங்கள் நாட்டுத் தேரிக்காட்டு மணல் போன்றது. நீங்கள் அதை வைத்த இடத்தில் அது இருப்பதில்லை...

நேரமாகிறது, ஆமாம். சுருக்கிச் சொல்கிறேன்.

அவள் திருநெல்வேலியில் படித்தாள். தேறினாள். இப்போது இருபத்தாறு வயது. இங்கே நம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாசிப்பாள். முன்பு அவள் தவறாக வாசிப்பாள். பாட்டில் இல்லாத இடத்தில் ஒரு சுரத்தைப் புகுத்திப் பார்ப்பாள். நான் முறைப்பேன், அவள் சிரிப்பாள். அந்தக் கலந்தாய்வுக்குப் பிறகு ஒரு தவறும் இல்லை. தாளில் உள்ளது உள்ளபடி. சபையார் என்னிடம் வந்து, பியூலா வாசிப்பு எவ்வளவு ஒழுங்காகிவிட்டது என்று பாராட்டினார்கள். நன்றி சொன்னேன். வீட்டில் கித்தாரின் தந்திகளைத் தளர்த்தி உறைக்குள் வைத்துவிடுவாள். சனிக்கிழமை இரவுதான் மறுபடி முறுக்குவாள்.

எனக்குள் இது அறுத்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் துணிந்தேன். ஐயர் ஊரில் இல்லை, பிரசங்கம் என்னுடையது. ஒரு உவமைக் கதை சொன்னேன். கேளுங்கள்: ஒரு சிறிய ரயில் நிலையம். அங்கே யாராவது ஏற இருந்தால்தான் கொடிக்காரன் பச்சைக்கொடி காட்டுவான்; காட்டினால்தான் வண்டி நிற்கும். கொடிக்காரனின் மகள் பெட்டியோடு மேடையில் வந்து நிற்கிறாள். வண்டி தூரத்தில் வருகிறது. கொடிக்காரன் கொடியைத் தன் சட்டைக்குள் ஒளித்துக்கொள்கிறான். வண்டி நிற்காமல் போய்விடுகிறது. மகள் திரும்பிப் பார்க்கிறாள். அவன் சொல்கிறான்: இந்த வண்டி நம்மைப் போன்றவர்களுக்கு நிற்பதில்லையம்மா.

சபையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். என் வாழ்நாளில் அப்படி ஒரு பிரசங்கம் செய்ததில்லை. மனப்பாரம் இறங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பியூலா கேட்டாள். "யப்பா, அந்தப் பிள்ளைக்குக் கடைசில யாராவது சொன்னாங்களா?"

"அது கதைம்மா" என்றேன்.

"கதைன்னாலும் சொல்லணும்லா" என்றாள்.

கித்தார் உறையைத் தோளில் மாற்றிக்கொண்டு, மீன் வாங்கவா கோழி வாங்கவா என்று பேச்சைத் திருப்பிவிட்டாள். நல்லவேளை, அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அதன் பிறகுதான் இந்த ஊழியத்தைத் தொடங்கினேன். ஒவ்வொரு வருடமும் கலந்தாய்வுக் காலம் முழுவதும் இந்தக் கடையில் வந்து உட்காருவேன். பட்டியல் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பித் தருவேன். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக வருகிற தகப்பனைப் பார்த்தால் எனக்கு உடனே தெரிந்துவிடும். அவனை இந்த நாற்காலியில் உட்காரவைத்து என் கதையைச் சொல்வேன். உங்களுக்குமுன் பதினொரு தகப்பன்மாரிடம் சொல்லியிருக்கிறேன். ஒன்பது பேர் திருந்தித் திரும்பிப் போனார்கள், ஐயா. ஒன்பது பிள்ளைகள். ஒரு பிள்ளை வருடந்தோறும் பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புகிறது.

என்ன கேட்டீர்கள்?

இல்லை. அவளிடம் சொல்லவில்லை.

சொல்லாமல் இல்லை, பிரசங்கத்தில்தான்... இல்லை. நீங்கள் கேட்பது சரிதான். சொல்லவில்லை. பதினொருவரும் கைகூப்பிவிட்டுப் போனார்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

முயன்றேன் என்றால் நம்புவீர்களா? அவள் பட்டம் வாங்கிய அன்று சொல்லலாம் என்றிருந்தேன்; மகிழ்ச்சியான நாளைக் கெடுப்பானேன் என்று விட்டேன். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது சொல்லலாம் என்றிருந்தேன். உடம்பு தேறட்டும் என்று விட்டேன். நல்ல நாள் என்றாலும் சாக்கு, கெட்ட நாள் என்றாலும் சாக்கு. எட்டு வருடத்தில் சாதாரண நாள் ஒன்றுகூடவா வரவில்லை?

போன வாரம் முப்பிடாதி பியூலாவை அழைத்தாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு, அவளாகவே. சென்னையில் ஒரு குழு வைத்திருக்கிறாளாம். தமிழிலேயே பாட்டு எழுதி, கல்லூரிகளிலும் சிறு அரங்குகளிலும் பாடுகிறார்களாம். பேஸ் வாசித்தவர் வெளிநாடு போகிறார். நீ வந்து ஒரு மாதம் வாசித்துப் பார், என் அறையிலேயே தங்கலாம், வேலைக்கும் ஒரு இடத்தில் சொல்லி வைத்திருக்கிறேன் என்று கூப்பிட்டாள். பியூலா அதை இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே என்னிடம் சொன்னாள். நான் போ என்றேன். உண்மையாகவே போ என்றேன், ஐயா, நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன்.

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அந்த ஊரு என்னய அப்பவே வேண்டாம்னுட்டுப்பா. அவ என்னயவிட கம்மி மார்க்கு, அவளுக்குக் கெடச்சிச்சு; எனக்குக் கெடைக்கல. நமக்குன்னு ஒரு அளவு இருக்குல்லா? வேண்டாம்னு சொன்ன வாசல்ல எதுக்கு ரெண்டாம் தடவ போய் நிக்கணும்?"

எந்த ஊரும் அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னது நான். அந்த நகரத்தின் வாயில் என் வார்த்தையை வைத்துவிட்டேன். அவள் இன்றுவரை என்னை நம்பிக்கொண்டு, ஊரை வெறுத்துக்கொண்டு, தன்னைக் குறைத்துக்கொண்டு இருக்கிறாள்.

இன்று காலை அலுவலகத்துக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கு சாயங்காலம் முப்பிடாதிக்கு போன் போட்டு வரலன்னு சொல்லிருதேன். பாவம், அவ எத்தன நாளுதான் எனக்காகக் காத்துக்கிட்டிருப்பா?" நான் நாளிதழுக்குப் பின்னாலிருந்து சரிம்மா என்றேன்.

ஆமாம். மறுபடியும் தலையாட்டினேன்.

நீங்கள் என்னை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. பார்க்கத்தான் வேண்டும். இத்தனை நேரம் சபைக்காகச் செய்தேன், பிள்ளையின் பாதுகாப்புக்காகச் செய்தேன் என்று ஒரு பதில் என் நாக்கின் நுனியில் இருந்தது. நீங்கள் காரணம் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்தப் பதினொருவருக்கும் அதைத்தான் சொன்னேன். நகரம், தனியாகப் பெண், முடி வளர்த்த பையன்கள், பாடகர் குழுவுக்கு ஆளில்லை என்று. அதெல்லாம் இல்லை, ஐயா. ரத்னபாய் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பாட நிற்கும்போது இடப்பக்கத்தில் அந்தப் பிள்ளை நிற்பாள். அவள் வாசிக்கிற அடித்தொனி தரைவழியாக வந்து என் உள்ளங்காலில் அதிரும். அந்த ரொட்டிக் கடை மாடியில் அவள் முகத்தைப் பார்த்தபோது, இவள் போனால் திரும்ப மாட்டாள், என் காலடியில் இனி ஒன்றும் அதிராது என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். வேறு காரணமே இல்லை. இதை இன்றுதான் வாய்விட்டுச் சொல்கிறேன்.

திரை திறந்துவிட்டது, பாருங்கள். சர்வர் வந்துவிட்டது. நீங்கள் சொன்னால் ஏழாவதை முதலாவதாக்க இப்போது ஐந்து நிமிடம் போதும். உங்கள் பிள்ளை, உங்கள் கைப்பேசி. நான் தடுக்கப்போவதில்லை.

வேண்டாமா? கடவுச்சொல் தாளைப் பையில் வைக்கிறீர்களா? வையுங்கள், ஐயா. வையுங்கள். வாக்குவாதம் செய்ய வேண்டுமானால் மகளோடு முகத்துக்கு முகம் செய்யுங்கள். போகாதே என்று சொல்லுங்கள், கத்துங்கள், அவளும் கத்தட்டும். தோற்றாலும் அது உங்களுக்குக் குறைவில்லை. அவள் தெரிந்துகொண்டு தோற்கட்டும், அல்லது நீங்கள் தெரிந்துகொண்டு தோற்றுப்போங்கள். அவளுக்குத் தெரியாமல் மட்டும் வென்றுவிடாதீர்கள்.

மணி இரண்டே கால். இரண்டரைக்கு உடன்குடிக்கு வண்டி இருக்கிறது. மூன்றே காலுக்கு வீட்டில் இருப்பீர்கள். ஐந்து மணிவரை நேரம் இருக்கிறது. கைப்பேசியை அவள் கையில் கொடுத்து, நீயே பார்த்துப் பூட்டு என்று சொல்லுங்கள். ரகசிய எண்ணை அவளே படிக்கட்டும்.

ஒரு நிமிடம். போகுமுன் ஓர் உதவி.

இதோ, என் பாட்டுப் புத்தகம். இதன் நடுவில் எட்டு வருடமாக மடித்து வைத்திருக்கிற தாள் இதுதான். பியூலாவின் பட்டியல். நீல மையில் அவள் எழுத்து; சிவப்பு மையில் என்னுடையது. இதற்கு விளக்கமே தேவையில்லை. என் சிவப்பு எழுத்தை அவள் ஒன்றாம் வகுப்பிலிருந்து பார்த்து வருகிறாள். நீங்கள் பேருந்து ஏறுகிற இடத்துக்கு நேர் எதிரே காப்பீட்டு அலுவலகம். கீழ்த்தளம். வாசலுக்கு எதிர்க் கணினியில் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருப்பவள்தான். இதை அவள் கையில் கொடுங்கள். உன் அப்பா கணினி மையத்தில் உட்கார்ந்திருக்கிறார், நீ வரும்வரை எழுந்திருக்க மாட்டார் என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை நான் சொல்கிறேன். உவமை இல்லாமல் சொல்கிறேன்.

நானே போய்க் கொடுக்கலாம்தான். இங்கிருந்து நூறு அடி. அந்த நூறு அடிக்குள் எனக்கு எத்தனை சாக்கு முளைக்கும் என்று எனக்குத் தெரியும். தாள் என் கையில் இருக்கும்வரை நான் நல்லவன். அது அவள் கைக்குப் போய்விட்டால்தான் உண்மையானவன்.

எழுந்திருங்கள், ஐயா. அவள் சாயங்காலம் முப்பிடாதிக்குப் போன் செய்வதற்குமுன் இந்தத் தாள் அவளிடம் இருக்க வேண்டும். உங்கள் கைப்பேசி உங்கள் மகளிடம். இந்தத் தாள் என் மகளிடம். இரண்டும் இன்றைக்கே. நாளைக்கு என்றால், நான் மறுபடியும் ஒரு நல்ல பிரசங்கம் தயாரித்துவிடுவேன்.